இருபத்தைந்து ஓட்டைப் பெட்டி

கிட்ட வாங்க செல்லங்களே, ஃபேன் காற்று எனக்கும் கொஞ்சம் வரட்டும். மாம்புரி ஊர் முஸம்மில், பொஞ்சாதியின் இடியப்ப மேசையில் ஏற்றி வைத்த பெட்டியின் கதையைச் சொல்லப்போகிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். தேத்தண்ணிக் கோப்பையை மட்டும் கீழே வைத்துவிட்டுச் சிரியுங்கள்.

"இண்டைக்குத் திங்கள். வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்கு முந்தி இந்தப் பொட்டி யாரோடயாவது ஒரு வார்த்த கதைக்கோணும்," என்றாள் றுக்கியா. "இல்லாட்டி இன்ஷாப்ட லொறியில ஏத்திருவன். எனக்கு இடியப்பம் புழிய மேச வேணும்."

றுக்கியா பக்கத்துப் பாலாவி ஊர்க் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பவள். அவளுடைய மேசையில் கணவன் முஸம்மில் ஏற்றியிருந்தது நாற்பது வருஷத்துப் பழைய கணினி முனையம். பார்க்க டிவி போலக் கண்ணாடி, முன்னால் எழுத்துப் பலகை. உள்ளே சொந்த மூளை கிடையாது. வேறொரு கணினியோடு தொடுத்தால்தான் வாய் திறக்கும். பழைய இரும்பு வாங்கும் இன்ஷாப் இப்படிச் சோடியாக இரண்டு கொண்டுவந்து, ஒன்றை முஸம்மிலின் தலையில் கட்டிவிட்டு, மற்றதை யாருக்கோ தள்ளிவிட்டிருந்தான்.

"மூளையில்லாத சாமானுக்கா இவ்வளவு பாடு?"

"வயர் இல்லாத மோடம் வந்திரிக்கி புள்ள. தீப்பெட்டி அளவுதான். இதப் பின்னால சொருகினா நம்மட வைஃபையில ஏறி உலகம் முழுக்கக் கதைக்கும்."

"உலகம் கிடக்கட்டும். மொதல்ல பக்கத்து ஊட்டுத் தாஹிர் நானாவோட கதைங்க. மூணு நாளைக்கு மேல பேசாம இரிக்கக் கூடாதெண்டு மார்க்கம் சொல்லுது. நீங்க மூணு மாசமா இரிக்கீங்க!"

முஸம்மிலின் முகம் இறுகியது. இரவல் கொடுத்த ஏணியின் படியொன்றைத் தாஹிர் உடைத்துவிட்டான் என்பது இவன் வழக்கு. உடைந்த ஏணியைத் தந்து தன்னை விழுத்தப் பார்த்தான் என்பது அவன் வழக்கு. ஏணி அங்கே, கோபம் இரண்டு பக்கமும். பெண்கள் மட்டும் வேலிக்கு மேலால் கறிக்கோப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தக் கழுதையோடயா? அவன் மொதல்ல கதைக்கட்டும்!"

மோடத்தைச் சொருகப் போனால், பெட்டியின் பின்னால் இருபத்தைந்து ஓட்டை. மோடத்திலோ ஒன்பது ஊசி. செவ்வாய்க்கிழமை புத்தளம் டவுனுக்குப் போய், இடையில் போடும் இணைப்பொன்றை வாங்கி வந்தான். அதன் இரண்டு பக்கமும் ஊசி.

றுக்கியா எட்டிப் பார்த்தாள். "ரெண்டு மாப்பிள்ளைய இருத்தி வெச்சி எப்பிடி நிக்காஹ் முடிக்கிற?"

புதன்கிழமை சரியான இணைப்பு கிடைத்தது. இனி மோடத்துக்கு மின்சாரம் வேண்டும். கைக்கு எட்டிய பிளக் ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சொருகினான். திரை விழித்தது. முழுக்கப் பூச்சி பூச்சியாக எழுத்து! பெட்டியும் மோடமும் வெவ்வேறு வேகத்தில் கதைக்கின்றன என்றது மோடத்தோடு வந்த சின்னப் புத்தகம். வேகத்தைக் குறைத்தான். பூச்சிகளும் செத்துத் திரை இருண்டது. கூட்டினான். எழுத்து வந்தது, ஆனால் ஒவ்வொன்றும் இரண்டிரண்டாக. ஒரு சலாம் அடித்தால் இரண்டு சலாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.

"ரெண்டு சலாமுக்கு ரெண்டு நன்மதானே," என்ற றுக்கியா மூக்கைச் சுளித்தாள். "அதென்ன நாத்தம்?"

அவன் கழற்றியது ஃபிரிஜ்ஜின் பிளக். உள்ளே மூன்று கிலோ இறால்.

"வெள்ளிக்கிழம இல்ல. நாளைக்குப் பின்னேரம் அஸர் தொழுகைக்கு முந்தி லொறி வரும்!"

வியாழன் காலை முழுக்கக் கரண்ட் இல்லை. முஸம்மில் பெட்டியைக் கட்டிப்பிடிக்காத குறையாகக் குந்தியிருந்தான். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கரண்ட் வந்தது. இரட்டைப் பிறவியை நிறுத்தும் வழியைப் புத்தகத்தில் தேடிப் பிடித்து, கடைசிப் பக்கத்திலிருந்த ஒரேயொரு முகவரியை பிஸ்மி சொல்லி அடித்தான்.

பச்சை எழுத்து ஒற்றை ஒற்றையாக ஊர்ந்து வந்தது. நோர்வே நாட்டு ஒஸ்லோ நகரத்தில், பழம்பெட்டிப் பிரியர்கள் கூடும் இடமாம். உள்ளே ஒரேயொருவர் இருந்தார். பெயர் கெப்டன்.

"எங்கேயிருந்து?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் கெப்டன்.

மாம்புரி என்றால் மதிப்பாரோ மாட்டாரோ. "இங்கேதான், ஒஸ்லோவில்," என்று முஸம்மில் அடித்தான்.

"நானும் ஒஸ்லோதான்," என்றார் கெப்டன். "காலையில் கரண்ட் இல்லை. இப்போதுதான் வந்தது."

"பாத்தியா புள்ள! ஒஸ்லோவிலயும் கரண்ட் கட்டாம்!"

"பாவம், அவங்களும் நம்மளப் போலதான்."

கெப்டன் மனக்குறையைக் கொட்டினார். பக்கத்து வீட்டுக்காரன் ஒரு கழுதையாம். சின்ன விஷயத்துக்குக் கோபித்துக்கொண்டு முகம் பார்க்கிறான் இல்லையாம். முஸம்மிலின் நெஞ்சு இளகிவிட்டது. அடுத்தவன் சண்டைக்குப் புத்தி சொல்வதில்தான் எவ்வளவு சுகம்! இரண்டு விரலால் அடித்துத் தள்ளினான்.

"கழுதையென்றாலும் பக்கத்து வீடு. நீங்களே முதலில் பேசுங்கள். யார் கையிலாவது எதையாவது கொடுத்தனுப்புங்கள்."

"உண்மைதான் நண்பரே, இப்போதே செய்கிறேன்," என்று எழுதிவிட்டுக் கெப்டன் போய்விட்டார்.

ஒரு மணித்தியாலம் கழித்து வாசலில் லொறி வந்து நின்றது. இன்ஷாப் இறங்கி வந்து சாரத்தை மடித்துக் கட்டினான். "என்ன ராத்தா, ஏத்தவா?"

"தொடாத!" முஸம்மில் குறுக்கே பாய்ந்தான். "பொட்டி கதைச்சிட்டிது! ஒஸ்லோவோட!"

"பொட்டி தானாப் பொலம்பினதோ என்னவோ," என்றாள் றுக்கியா. "மறுபக்கம் ஆள் இருந்ததுக்கு ஆரு சாட்சி?"

அந்த நேரம் வேலிக் கடப்புக் கதவு கிறீச்சிட்டது. தாஹிரின் மனைவி அலீமா, புதுப் படி அடித்த ஏணியை ஒரு கையால் இழுத்துக்கொண்டு, மறு கையில் இனிப்பு வட்டிலப்பத் தட்டோடு வந்து நின்றாள்.

"இந்தாங்க முஸம்மில் நானா, எங்கட மனிசன் தந்துவிட்டாரு. இன்ஷாப் தம்பிக்கிட்ட வாங்கின பொட்டியில ஆரோ ஒரு ஒஸ்லோக்காரர் வந்து, பக்கத்து ஊட்டுக் கழுதையோட நீங்கதான் மொதல்ல கதைக்கோணும் எண்டு புத்தி சொன்னாராம்!"

செல்லங்களே, உங்கள் வீட்டு வேலியும் ஏணி வந்து போகுமளவுக்குத் திறந்திருக்கட்டும். உங்கள் வாசலுக்கு வரும் தட்டு எதுவும் வெறுமையாகத் திரும்பாத பரக்கத்தை அல்லாஹ் உங்களுக்குத் தரட்டும். ஆமீன்.