மீட்டர் சுற்றுகிறது

மனைவியை வீட்டுக்கு வரவழைக்க ஒரே வழிதான் பாக்கி என்று அந்த ரிடையர்டு மனுஷர் முடிவுக்கு வந்தபோது காலை மணி பதினொன்று. வீட்டில் குழாய் ஒழுக வேண்டும்!

பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஒரே மாசம் என்று மகள் வீட்டுக்குப் போனவள். இது நாலாவது மாசம். இவரோ ஒரே டம்ளரைக் கழுவி, அதிலேயே குடித்து, மறுபடி அதையே கழுவிக்கொண்டிருந்தார். நேற்று டிவியில் செய்தி வாசிக்கிற பெண் வணக்கம் சொன்னாள். இவரும் பதிலுக்கு வணக்கம் சொல்லிவிட்டார். அப்புறம்தான் பயமே வந்தது.

"வா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லிவிடுவாரா? வீம்பு என்று ஒன்று இருக்கிறதே! ஆனால் அவள் குழாய்க்காரர் மகள். இந்த வீட்டுக் குழாய் முழுக்க அவள் அப்பா தன் கையால் போட்டது. வேறு ஆள் ஸ்பானரோடு வாசலில் நின்றாலே பதறிப்போவாள்.

நாற்காலியில் சாய்ந்தபடியே போன் போட்டார்.

"ஏய், வீட்ல எங்கியோ தண்ணி ஒழுகுது."

"அட! நீங்களேவா கண்டுபிடிச்சீங்க?"

"பின்னே?" அவருக்கு உச்சி குளிர்ந்தது.

"எல்லாக் குழாயையும் மூடிட்டு வாசல்ல இருக்கிற தண்ணி மீட்டரைப் பாருங்க. உள்ள குட்டிச் சக்கரம் சுத்துதா?"

போனை மடியில் வைத்து ஐம்பது எண்ணினார். "சுத்துது."

"டாய்லெட் தொட்டியில கொஞ்சம் சாயம் கலந்து விடுங்க. அரை மணியில சாயம் கீழ பேசின்ல இறங்கினா, ஓட்டை அங்கதான்."

அரை மணி தூங்கி எழுந்து கூப்பிட்டார். "இறங்கலை. செவுத்துக்குள்ளதான். நீ வந்தாத்தான் ஆகும்."

"கடைசியா ஒண்ணு. மீட்டருக்கு முன்னாடி தெருப்பக்கம் ஒரு வால்வு இருக்கு. அதை முழுசா மூடிட்டு மீட்டரைப் பாருங்க."

மறுபடி ஐம்பது. "ஐயோ, ஏன் கேக்கறே! முன்னைவிட வேகமா சுத்துது!"

 அந்தப் பக்கம் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மனைவி விடவில்லை.

"அதை மூடிட்டா மீட்டருக்கே தண்ணி வராதே! எது சுத்துது, உங்க தலையா? நாற்காலியை விட்டே எந்திரிக்கலை, அப்படித்தானே?"

"இல்ல... வந்து..."

"வான்னு சொன்னா வாய் வலிக்குமா? தனியா கஷ்டமா இருக்கான்னு வாராவாரம் கேட்டேனே. ராஜா மாதிரி இருக்கேன்னீங்க!"

 "கஷ்டமாத்தான் இருக்கு. வந்துடு."

"நாளைக்கு வர்றேன். டிக்கெட் முந்தாநாளே எடுத்தாச்சு."

அவர் துள்ளி எழுந்தார். "எனக்காகவா?"

"ராஜாவுக்கு என்ன குறை! பக்கத்து வீட்டக்கா போன் பண்ணாங்க. நம்ம சமையலறைப் பின்சுவர் பத்து நாளா ஊறிப்போய் நிக்குதாம். எங்க ஒழுகுதுன்னு தெரியத்தான் இத்தனை கேள்வி கேட்டேன். எங்கப்பா போட்ட பைப்பாச்சே, மனசு கேக்குமா?"

போய்ப் பார்த்தார். சுவரில் தோள் உயரத்துக்கு ஈரம். வாசலில் மீட்டர் சக்கரம் நிஜமாகவே சுற்றிக்கொண்டிருந்தது. காலையிலேயே எழுந்து வந்திருந்தால் ஒரு பொய்கூடத் தேவைப்பட்டிருக்காது.

திரும்பி வந்து சுவரில் கை வைத்தார். "நாலு மாசமா நான் திண்டாடறேன்," என்றார். "நீ பத்து நாள் அழுது கூப்பிட்டுட்டியே!"