யெத்தெர் என்றால் என்ன கருத்து?

கருத்தண்ணையிடம் தன் பெயரைச் சொல்லிவிட்டு நேரத்துக்குப் பஸ் பிடித்த மனிதர் கனடாவின் மொன்றியலில் இதுவரை பிறக்கவில்லை.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்டகசாலையில் அவரும் நானும் பெட்டி அடுக்கினோம். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். புதிதாக யார் வந்தாலும், "பேர் என்ன? அதுக்கு என்ன கருத்து?" என்று இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பார். யாழ்ப்பாணத்து வாய்க்கு அர்த்தம் என்றால் கருத்துத்தானே. அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. ஒருமுறை மெற்றோவில் டிக்கெட் பரிசோதிக்க வந்த பெண்ணை அவர் விசாரித்த விசாரிப்பில், அவள் டிக்கெட்டைக் கேட்க மறந்து அடுத்த ஸ்டேஷனில் இறங்கிப் போனாள். பல்லுப் பிடுங்கப் போன இடத்தில், வாய் மரத்துப்போன பிறகும் டொக்டரின் பெயருக்கு என்ன கருத்து என்று தாளில் எழுதிக் கேட்டவர் அவர்.

அப்படிப்பட்டவரிடம்தான், லேபிள் ஒட்டப் புதிதாக வந்த துருக்கிக்காரி, "யெத்தெர். அதுக்குக் கருத்து இல்லை" என்று சொல்லிவிட்டாள்.

கருத்து இல்லாத பெயரா? அண்ணைக்கு அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. வேலை முடிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு வில்லரே பகுதியில் இருந்த ஒரு துருக்கிப் பேக்கரிக்குப் போனார். பேக்கரிக்காரர் சிரித்துக்கொண்டே விளக்கினார். அது நல்ல துருக்கிச் சொல்லாம். 'போதும்' என்று கருத்தாம். பெண்ணாகவே பிறந்துகொண்டிருந்தால், இனிப் போதும் என்று கடவுளுக்குச் சொல்ல வைக்கிற பெயராம்.

திரும்பும் வழியில் அண்ணை ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "தமிழ்நாட்டிலயும் போதும்பொண்ணு எண்டு வைக்கிறவை, என்ன?"

மறுநாள் தேநீர் இடைவேளையில் அவளிடம் போனார். இருவரும் கதைத்தது உடைந்த பிரெஞ்சில். எங்கள் பேச்சில் சொன்னால் இப்படி:

"தங்கச்சி, போதும் எண்டதுக்கு ரெண்டு கருத்து. வயிறு நிறைஞ்சாலும் போதும் எண்டுதானே சொல்லுறம்?"

"எங்கட அப்பா வயிறு நிறைஞ்சு சொல்லேல்லை. நான் அஞ்சாவது. எனக்குப் பிறகும் ரெண்டு பெட்டையள்."

"அப்ப பேர் வேலை செய்யேல்லை!"

அவளும் சிரித்துவிட்டாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துக் காட்டினாள். பெயரை மாற்றப் போகிறாளாம். புதுப் பெயர் செவின்ச். மகிழ்ச்சி என்று கருத்து.

அண்ணை பதறினார். "அருமையான சொல்லு, விடாதையும்!"

"சின்னனில உங்களைச் சாப்பிடக் கூப்பிடேக்க, போதும், போதும் எண்டு ஆரும் கூப்பிட்டவையோ?"

உலகத்துப் பெயர்களுக்கெல்லாம் விளக்கம் வைத்திருந்த மனிதர், சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து அவளிடம் நீட்டினார்.

அரசாங்கக் கடிதம் வந்து பெயர் மாறியும், மேற்பார்வையாளர் விடவில்லை. தினமும் "யெத்தெர்!" என்றுதான் கத்துவார். திருத்தித் திருத்தி அலுத்த அண்ணை, ஒருநாள் பெட்டி ஓடும் பட்டியை நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை அமுக்கினார். முழுப் பண்டகசாலையும் அப்படியே நின்றது.

"அந்தப் பேரில இங்க ஒருத்தரும் இல்லை, முசியு."

"உன்னை வீட்டுக்கு அனுப்பிப்போடுவன்!"

"அனுப்பும். ஆனா ஏன் எண்டு எழுதேக்க அவவின்ர பேரைச் சரியா எழுதும். கருத்தையும் போட்டா நல்லம்."

இரண்டு நாள் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். மூன்றாம் நாள் அண்ணை உள்ளே வரவும், மேற்பார்வையாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு "செவின்ச்" என்று கூப்பிட்டார். உச்சரிப்பு படுகொலை. ஆனாலும் லேபிள் மேசையில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணை ஒன்றும் நடக்காத மாதிரி பெட்டி அடுக்கப் போனார்.

இப்போது ஓய்வு பெற்று ரொக்ஸ்பரோவில் மகளோடு இருக்கிறார். நான் போன் எடுத்தால் இரண்டு மணித்தியாலம் போய்விடும். அது தெரிந்துதான் ஒவ்வொரு ஞாயிறும் எடுக்கிறேன்.