இருபத்துநான்காம் தேதி டிக்கெட் பற்றிய விளக்கம்

மியாகாவ், தேவாலயத்துக்கு எதிர் விடுதி, மாடி அறை.
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்புக்குரிய ஹெர்மோ அண்ணன் அவர்களுக்கு,

தங்களின் தங்கை சோலெங்கைப் பெண் கேட்டு வந்து, வாசலோடு திருப்பி அனுப்பப்பட்ட கிரிசான்டோ பணிவன்புடன் எழுதிக்கொள்வது. தங்கள் முழங்காலும் தங்கள் சண்டைச் சேவல்களும் நலம்தானே? தங்கள் கோபம் நலமாக இருப்பதை ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே பார்த்துக்கொண்டேன்.

தப்பு என் பேரில்தான். அறுபத்தாறு வயதில் பெண் கேட்டு வருகிறவன், பன்றி சுட்டு உறவுக்காரர்கள் எல்லாம் கூடியிருந்த மதிய வேளையில் வந்திருக்க வேண்டும். அவர்கள் தின்று முடித்து, பன்றியின் காதுகூட மிச்சமில்லாத அந்தி நேரத்தில் வந்து நின்றால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? அதோடு விட்டேனா? தாமதத்துக்குக் காரணம் காட்டுகிறேன் பேர்வழி என்று, பையிலிருந்த காகிதங்களையெல்லாம் தங்கள் கையிலேயே கொடுத்தேன். தாங்களும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாதிரியார் வேதம் படிக்கிற மாதிரி, தெருவுக்கே கேட்கும்படி படித்தீர்கள்: கோத்தா கினபாலுவுக்கு விமான டிக்கெட், இருபத்துநான்காம் தேதி, ஒரே ஆள், அதுவும் ஆண்.

"அன்னைக்கு ரெண்டே வருஷம்னு சொல்லிட்டு முப்பத்தெட்டு வருஷம் போனவன்தானே நீ? இப்போ ஓடிப்போற சீட்டைப் பையில வச்சுக்கிட்டே பொண்ணு கேக்க வர்றியா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினீர்கள். சோலெங் உள்ளே ஜன்னலோரம் நின்றாள் அண்ணே. அவள் முகத்தைப் பார்த்தபின் எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள். போன வருடம் தூதரகத்தில் கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணி, விட்டுப்போன நம் நாட்டுக் குடியுரிமையைத் திரும்ப வாங்கினேன். முத்திரை குத்திய சான்றிதழ் கொடுத்தார்கள். அமெரிக்கக் குடியுரிமையும் இருக்கிறது, இதுவும் இருக்கிறது. அப்போதே சோலெங் போனில், நம்ம ஊர் பாஸ்போர்ட்டும் ஒண்ணு எடுத்துடு என்று தலைபாடாக அடித்துக்கொண்டாள். நான்தான் பெரிய மேதாவி, ஆள் ஒருத்தன், மூஞ்சி ஒண்ணு, பாஸ்போர்ட் மட்டும் எதுக்கு ரெண்டு என்று கேட்டுவிட்டு அமெரிக்கப் பாஸ்போர்ட்டோடு நின்றுவிட்டேன். சரி, அந்தச் சான்றிதழை எங்கே வைப்பது? கைப்பையில் வைத்தால் தொலைந்துபோகும். நமக்கெல்லாம் உலகத்திலேயே பத்திரமான இடம் எது? ஊருக்குக் கப்பலில் அனுப்புகிற பாலிக்பயான் பெட்டிதானே! டின் மாட்டிறைச்சி, சோப்பு, துண்டு, சாக்லேட் எல்லாவற்றுக்கும் நடுவில் தங்களுக்கென்று ஒரு ஜோடி ஷூ. ஷூ சும்மா போகக் கூடாதே என்று அதற்குள் காலுறை, காலுறைக்குள் சாக்லேட், சாக்லேட்டுக்கு நடுவில் என் குடியுரிமை. ஊரில் இறங்கியதும் வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். ஊரில் இறங்குவதற்கே அது வேண்டும் என்று எந்தப் புண்ணியவானும் சொல்லவில்லை.

லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்துக்கு இருபத்திரண்டு வருடம் வேன் ஓட்டி ஆட்களை இறக்கிவிட்டவன் நான். கதவுக்கு உள்ளே என்ன நடக்கும் என்று பார்த்ததில்லை. கவுன்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, வெளிநாட்டுக்காரருக்குத் திரும்புகிற டிக்கெட் இல்லாமல் ஏற்ற முடியாது என்றாள். நான் வெளிநாட்டுக்காரன் இல்லையம்மா, மியாகாவ்காரன் என்று நம் பாஷையில் சொன்னேன். அவளும் நமக்குப் பக்கத்துத் தீவு, பக்கோலோட் பெண்தான், நம் பாஷையிலேயே ஆதாரம் கேட்டாள். அது ஷூவுக்குள் இருக்கிறது என்றேன். என் காலைப் பார்த்தாள். இந்த ஷூ இல்லை, பசிபிக் கடலில் போய்க்கொண்டிருக்கிற ஷூ என்று விளக்கினேன். போனில் படம் எடுத்து வைக்கலையா என்றாள். எடுத்திருந்தேன் அண்ணே. அதில் முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் என் கட்டைவிரல் இருந்தது.

"நான் நம்புறேன் அங்கிள். என் கம்ப்யூட்டர் நம்பணுமே," என்றாள் பாவம். இப்படிப் பேசிப்பேசியே விமானம் போய்விட்டது. அடுத்த விமானத்தையாவது விடக்கூடாது என்று, நாட்டை விட்டு வெளியே போவதாகக் காட்ட ஏதாவது ஒரு டிக்கெட் கொடம்மா என்று கெஞ்சினேன். மணிலாவிலிருந்து வெளிநாடு போகிறதில் இருப்பதிலேயே மலிவு கோத்தா கினபாலு. அது கிழக்கா மேற்கா என்றுகூட எனக்குத் தெரியாது. தங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்காகத்தான் அண்ணே நான் ஓடிப்போகிற டிக்கெட் வாங்கினேன்!

மணிலாவில் இறங்கினால் அங்கே வேறு கூத்து. நம்மவர் வரிசையில் நின்றேன், விரட்டினார்கள். வெளிநாட்டுக்காரர் வரிசைக்குப் போனேன், இந்த மூஞ்சிக்கு இங்கே என்ன வேலை என்று முன்னால் நின்றவன் பார்த்தான். அதிகாரி அம்மாள் எத்தனை நாள் தங்குவீர்கள் என்று கேட்டாள். சாகிற வரைக்கும் என்றேன். டிக்கெட் இருபத்துநான்காம் தேதி என்கிறதே என்றாள். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை, அங்கேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் முத்திரையைக் குத்திவிட்டு, "ஒரு வருஷம் போட்டிருக்கேன். அவசரப்பட்டுச் செத்துடாதீங்க, அதுக்குள்ள உங்க பெட்டி வந்துடும்," என்றாள்.

நான் இந்த மண்ணுக்குச் சொந்தக்காரன் என்று இரண்டு நாட்டுக்காரர்களும் நம்பவில்லை, போகட்டும். தாங்கள் நம்ப வேண்டும். அன்று சோலெங்கிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவன்தான் நான். அவளுக்கும் ஒரு வாழ்க்கை அமைந்தது, எனக்கும் அமைந்தது, இருவரும் துணையை இழந்தோம். இனி எனக்குப் போக்கிடம் வேறில்லை, வேண்டவும் வேண்டாம். நம் ஊர்த் தேவாலயத்துப் புனிதர் சாந்தோ தோமாஸ் மேல் ஆணையாகச் சொல்கிறேன், அந்த டிக்கெட்டில் நான் ஏற மாட்டேன். தயவுசெய்து, தங்களிடமே தங்கிவிட்ட அதைத் தங்கள் கையாலேயே கிழித்துப் போட்டுவிட்டு ஒரு நாள் குறியுங்கள். பன்றி இந்த முறை என் செலவு.

தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசியும் சேவல்களுக்கு வெற்றியும் உண்டாகட்டும்.

தங்கள் மைத்துனனாக ஆசைப்படும்,
கிரிசான்டோ மலுபாய்

பின்குறிப்பு: அண்ணே, டிக்கெட்டைக் கிழித்துவிடாதீர்கள்! உறையை ஒட்டுகிற நேரத்தில் சோலெங்கே மாடியேறி வந்து, கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "கடலைத் தாண்டி ஒரு ஊரை நானும் பாத்ததில்ல. போறதுக்கு எனக்கும் ஒண்ணு வாங்கு, திரும்பி வர ரெண்டு வாங்கு," என்றாள். வாங்கியாயிற்று. தங்களுக்கும் ஒரு சேதி சொல்லச் சொன்னாள், அப்படியே எழுதுகிறேன்: "இருபத்துநாலுக்கு முன்னாடி கல்யாணம்னா அது தேனிலவு. இல்லேன்னா ஓடிப்போனதுன்னு ஊர் பேசும். எது வேணும்னு அண்ணனே முடிவு பண்ணட்டும்."