எர்த்துக்காரர் நிறுத்திய விழா

புதுச்சேரியில் கரண்ட்டைக் கொஞ்சமும் நம்பாமல் முப்பது வருஷம் கரண்ட் வேலை பார்த்த ஒரே மனிதர் எங்கள் எர்த்துக்காரர்தான். நெல்லித்தோப்பில் அவர் நிஜப்பெயர் போஸ்ட்மேனுக்குக்கூடத் தெரியாது. கசியும் கரண்ட் ஆளைத் தாக்காமல் மண்ணுக்குள் இறங்குவதற்கு ஒரு குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டுக் குழாய் புதைப்பார்களே, அந்த எர்த்து சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் அவர் எந்த வீட்டிலும் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.

பல்பு மாட்டிய ஹோல்டரும் இரண்டு வயருமாக ஒரு டெஸ்ட் லாம்ப் எப்போதும் அவர் பையில் இருக்கும். பிளக்கில் ஒரு வயரைக் கரண்ட்டிலும் மற்றதை எர்த்திலும் வைப்பார். பல்பு எரிந்தால் எர்த்து நன்றாயிருக்கிறது. எரியாவிட்டால் அன்று அந்த வீட்டுக்காரர் தொலைந்தார்.

ஒரு கல்யாணத்தில் மண்டபத்து பிளக்கைக் கழற்றிப் போட்டுவிட்டார். பெண்ணின் அப்பா ஓடி வந்தார்.

"அண்ணே, தாலி கட்டுற நேரம்ணே!"

"கட்டு, கட்டு. யாரு வேணான்னது? மைக்க மட்டும் எவனும் தொடாதீங்க."

தங்கை மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனவர் நேராகக் கொல்லைப்பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தார். "பையன் தங்கம். எர்த்துதான் சரியில்ல" என்றார். அவர்கள் குழி வெட்டிய பிறகுதான் நிச்சயதார்த்தம்.

சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். வேலை பார்த்த மில் மூடிய பிறகு அவர் வீடு வீடாக வயரிங் செய்துகொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் எர்த்து போட்டவர், தன் வீட்டுக்கு அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார். ஒரு மழைநாளில் அவர் மனைவி ஈரக்கையோடு பிரிட்ஜைத் திறந்தார். அவ்வளவுதான். எர்த்து பார்க்காமல் தண்ணீர் குடிக்காத பிடிவாதம் அதற்குப் பிறகு வந்தது.

பிறகு சேதராப்பட்டுப் பக்கம் வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் கம்பெனி வந்தது. நான் அங்கே ஹவுஸ்கீப்பிங், அவர் காண்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், அதிகம் பேசத் தெரியாது. அவர் பேசுவார், நான் கேட்பேன். முதல் நாள் உள்ளே கம்ப்யூட்டர் பாகங்களைப் பூட்டும் பெண்களைப் பார்த்தார். ஒவ்வொருத்தி மணிக்கட்டிலும் ஒரு பட்டை, பட்டையிலிருந்து வயர், வயர் எர்த்துக்கு; உடம்பில் சேரும் கரண்ட் கம்ப்யூட்டரைக் கெடுக்காமல் இருக்க. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா தம்பி? மனுசனுக்கே எர்த்து குடுக்கறான்! இதான்யா கம்பெனி."

அந்தக் கம்பெனி இந்த ஊருக்குச் செய்ததை நான் மறைக்க மாட்டேன். மில் மூடி முடங்கிக் கிடந்த குடும்பங்களின் பெண்கள் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார்கள். என் மகள் படித்ததும் அந்தச் சம்பளத்தில்தான். ஆனால் எர்த்துக்காரரைக் கேட்டால், கம்பெனி நாட்டுக்குச் செய்த பெரிய உதவி அந்தப் பட்டைதான் என்பார்.

சில வருஷங்களுக்கு முன் கடலோரப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குக் கம்பெனி கம்ப்யூட்டர்கள் கொடுத்தது. பந்தல், குத்துவிளக்கு, வெளிநாட்டிலிருந்து பெரிய அதிகாரி. ஸ்பீக்கருக்கு வயர் இழுக்க எர்த்துக்காரர், நாற்காலி போட நான். பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு கம்ப்யூட்டர் அறை வாசலில் வரிசையாக நின்றார்கள். அவர் வழக்கம்போல் உள்ளே போய் டெஸ்ட் லாம்ப்பை வைத்தார். எரியவில்லை. கடல் காற்றில் எர்த்துக் குழாய் எப்போதோ துருப்பிடித்து உதிர்ந்திருந்தது.

மெயினை இறக்கிவிட்டு அதன் முன்னால் நின்றுகொண்டார். மைக் செத்தது. மேனேஜர் வந்தார்.

"பெரியவரே, இன்னிக்கு ஒரு நாள் விடுங்க. நாளைக்கு ஆள் வச்சி பாத்துக்கலாம்."

"இன்னிக்கு மட்டும் கரண்ட்டு லீவு எடுத்துக்குமா சார்? புள்ளைங்க வெறுங்காலோட நிக்குது."

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "அடுத்த மாசம் பர்மனென்ட் லிஸ்ட்ல உங்க பேரு இருக்கு. ஞாபகம் வச்சிக்குங்க."

"இருக்கட்டும் சார். நான் நவுர மாட்டேன்."

எர்த்துக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். 'ஆமாம் சார், அவர் சொல்வது சரி' என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். நாற்காலி அடுக்கும் சாக்கில் பந்தலுக்குப் பின்னால் போய்விட்டேன்.

வெளிநாட்டு அதிகாரியே எழுந்து வந்தார். அவர் எந்த நாட்டுக்காரர் என்று எங்களுக்குத் தெரியாது. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழக்கத்தில் எர்த்துக்காரருக்கு வெள்ளைக்காரர் எல்லாரும் முசியேதான்.

"முசியே, லுக்" என்று மெயினை ஏற்றி, பல்பை வைத்துக் காட்டினார். "நோ எர்த். புள்ளைங்க... பினிஷ்."

அந்த மனிதர் எரியாத பல்பைப் பார்த்தார். வரிசையில் நின்ற பிள்ளைகளின் கால்களைப் பார்த்தார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். பிள்ளைகளின் அப்பாக்கள், மீன்பிடிக்கிறவர்கள், கடப்பாரையோடு வந்துவிட்டார்கள். மணல்தானே, குழி நிமிஷத்தில் இறங்கியது. புதுக் குழாய் கடையிலிருந்து வந்தது. கரியும் உப்பும் எர்த்துக்காரர் மொபெட் பையிலேயே இருந்தன. முசியேயும் ஒரு குடம் தண்ணீர் தூக்கி ஊற்றினார். ஒரு மணி நேரம் கழித்து அந்த அறுபது வாட்ஸ் பல்பு பளிச்சென்று எரிந்தபோது எழுந்த கைதட்டல், பிறகு எந்தப் பேச்சுக்கும் எழவில்லை.

அதிகாரி ஊருக்குப் போய்விட்டார். அடுத்த மாத லிஸ்ட்டில் இவர் பெயர் இல்லை. விழாவில் கம்பெனியின் மானத்தை வாங்கிவிட்டார் என்று காண்ட்ராக்டர் கேட் பாஸையும் வாங்கிக்கொண்டார். கேட்டில் நான் தலைகுனிந்து நின்றேன்.

"இன்னா தம்பி, எழவு வீடு மாதிரி நிக்கிற? வேல போனா வேற வேல" என்று மொபெட்டை உதைத்தார்.

இப்போது கம்பெனி எந்தப் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் கொடுத்தாலும் முதலில் எர்த்து பார்க்க ஆள் போகிறது. நாட்டுக்குச் செய்த சேவைகள் என்று கம்பெனி போட்ட வழுவழுப்பான இங்கிலீஷ் புத்தகத்தில் அதற்கும் ஒரு வரி இருக்கிறதாம். மகள் படித்துச் சொன்னாள். யாரால் வந்தது என்று அதில் போடவில்லை.

வெயில் காலத்தில் குழி காய்ந்தால் எர்த்து வேலை செய்யாது. அதனால் ஒவ்வொரு கோடையிலும் அவரே அந்தப் பள்ளிக்குப் போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவாராம். எனக்கு அது இந்தச் சித்திரையில்தான் தெரிந்தது. ஏணியிலிருந்து விழுந்து காலில் கட்டோடு படுத்திருந்தவர் போன் செய்தார்.

"தம்பி, அந்தப் பள்ளிக்கூடத்துக் குழில ரெண்டு குடம் தண்ணி ஊத்திட்டு வரியா?"

"போறேண்ணே."

ரெண்டு குடம்தான் சொன்னார். மனசு கேட்கவில்லை. நாலு ஊற்றினேன்.