ஆஃப் என்று காட்டுகிறது

மஞ்சக்குட்டை, ஏற்காடு,
சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மறுநாள்.

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, மூத்த மாப்பிள்ளை மாதேஸ்வரன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் சரஸ்வதியும் நலம். அவள் தங்கை லட்சுமி உடம்பளவில் நலம். காட்டேஜ், மூன்றாம் அறை வாசலைக் கழித்துப் பார்த்தால், நலம். சேலத்தில் தாங்களும் அத்தையும், தங்கள் செல்போனும், அதிலிருக்கும் பச்சைப் பொத்தானும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். பொத்தானுக்கு எந்தக் குறையும் வந்திருக்காது. குறையெல்லாம் இந்தப் பக்கம்தான் வந்தது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் ஒரு வாக்கியம் தொடங்கினால் தாங்கள் முடித்துவிடுகிறீர்கள். காகிதத்தில் அந்த வசதி இல்லை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லட்சுமிக்குப் பார்த்த சங்ககிரி சம்பந்தம் கைநழுவிவிட்டது. காரணம் ஜாதகம் இல்லை. ரிலே.

போன மாதம் தாங்கள் மேலே வந்தபோது சட்டைப் பையிலிருந்து எடுத்தீர்களே, தீப்பெட்டி அளவுப் பலகை, மேலே நீலக் கட்டி ஒன்று. "ரிலே மாடுல்ங்க மாப்ள. நான் சேலத்துல போனைத் தொட்டா இங்க டிக்குங்கும். கெய்சர் ஓடும்." வீடியோ பார்த்துக் கற்றதாகச் சொன்னீர்கள். எத்தனை நிமிட வீடியோ என்று நான் கேட்கவில்லை. அது மரியாதையில்லை.

நானும் பிறகு படித்துப் பார்த்தேன். அந்த நீலக் கட்டிக்குள் ஒரு சின்ன மின்காந்தம். அது ஒரு தகட்டை இழுக்கும். இரண்டு முனைகள் தொட்டுக்கொள்ளும். விட்டால் பிரியும். தொடுவதும் பிரிவதும் மட்டுமே அதன் வாழ்க்கை. எளிய ஜீவன். முதுகில் பத்து ஆம்பியர் என்று அச்சடித்திருந்தது. அது அதன் வேண்டுகோள். ஒரு கெய்சர் ஒன்பது ஆம்பியர் இழுக்கும். ஒன்பது பத்துக்குள் அடங்கும். இதுவரை தங்கள் கணக்கில் நான் குறை காணவில்லை. அதன்பிறகு மூன்று அறைக் கெய்சர் ஒயரையும் ஒன்றாக முறுக்கி அந்த ஒரே கட்டியில் சொருகினீர்கள்.

"மாமா, மூணும் சேந்தா இருபத்தேழு ஆகுதுங்களே."

"ஏனுங்க மாப்ள, மூணு ரூம்காரனும் ஒரே நேரத்துலயா குளிப்பான்? டூரிஸ்டுங்க. ஒருத்தன் காலைல குளிப்பான். ஒருத்தன் மத்தியானம் குளிப்பான். ஒருத்தன் ஊட்டுக்குப் போயித்தான் குளிப்பான்."

மனிதகுலத்தைப் பற்றிய தங்கள் பார்வை எனக்கு எப்போதும் வியப்புதான்.

அடுத்து, கரண்ட் அளவு மீறினால் தானே விழுந்து நிறுத்துமே, ஒவ்வொரு கெய்சருக்கும் தனித்தனியாக இருந்த அந்த எம்சிபி சுவிட்சுகளைக் கழற்றினீர்கள். சும்மா சும்மா விழுந்து விருந்தாளிகளுக்குத் தொந்தரவு கொடுக்கின்றனவாம். அவை விழுவதற்காகவே செய்யப்பட்டவை என்பது பரவாயில்லை. மூன்றுக்கும் சேர்த்து நாற்பது ஆம்பியரில் ஒன்று மாட்டினீர்கள். எது நடந்தாலும் விழாத, கல் மனதுக்காரர். கடைசியாகப் பலகையை ஒரு ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் வைத்து மூடி, மூன்றாம் அறை வாசலில், துண்டுகள் அடுக்கும் அலமாரிக்கு நேர் மேலே ஆணியடித்து மாட்டினீர்கள். டப்பாவில் வெனிலா வாசம் இன்னும் போயிருக்கவில்லை.

அப்போது, தங்களோடு வந்திருந்த லட்சுமி ஒரு வார்த்தை சொன்னாள். "அப்பா, நடுவுல ஒரு காண்டாக்டர் போடணும். ரிலே நேரா லோடைத் தூக்கக்கூடாது."

தாங்கள் சொன்னது: "காப்பி கொண்டா கண்ணு."

அவள் எலெக்ட்ரிக்கல் டிப்ளமா முடித்தவள். ஜாதகத்தோடு அனுப்பிய தாளில் தாங்களே பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்கள். சங்ககிரிக்குத் தெரிந்தது. நம் வீட்டுக்கு மட்டும் தெரியாது.

அவள் சொன்னதன் பொருளைத் தங்களுக்குப் புரிகிறபடி சொல்லிப் பார்க்கிறேன். கல்யாண வீட்டில் பெரியப்பா நாற்காலியில் இருந்தபடி "சாம்பார் போகட்டும்" என்பார். அண்டாவைத் தூக்குவது வேறு ஆள். தோள் அகலமான ஆள். பெரியப்பாவையே அண்டா தூக்கச் சொல்வதில்லை. ரிலே என்பது பெரியப்பா. காண்டாக்டர் தோள்காரன். ரிலே காண்டாக்டரின் காந்தச் சுருளுக்கு ஒரு துளி கரண்ட் கொடுத்தால் போதும். இருபத்தேழு ஆம்பியரை அது தூக்கும், இறக்கவும் இறக்கும். தாங்கள் பெரியப்பாவின் தலையில் மூன்று அண்டா ஏற்றிவிட்டு, அவர் முதுகில் போட்டிருந்த எண்ணைப் பார்த்துத் திருப்தியடைந்தீர்கள்.

இருந்தும் இது ஒரு மாதம் ஓடியது. தங்கள் பார்வை பலித்தது. டூரிஸ்டுகள் முறை வைத்ததுபோல் தனித்தனியாகக் குளித்தார்கள். தாங்கள் சேலத்திலிருந்து பொத்தானைத் தொட்டு, "வந்துச்சுங்களா?" என்று கேட்டு, "வந்துச்சுங்க" என்று நான் சொல்வதைக் கேட்டு மகிழ்ந்தீர்கள்.

பிறகுதான் சங்ககிரிக்காரர்கள் திருவிழாவுக்கு வந்தார்கள்.

ஏற்பாடு தங்களுடையது. பெண் பார்த்த மாதிரியும் இருக்க வேண்டும், பார்க்காத மாதிரியும் இருக்க வேண்டும். அவர்கள் சாமி கும்பிட வருவார்கள், நம் காட்டேஜில் தங்குவார்கள். லட்சுமி அக்கா வீட்டுக்குச் சும்மா வந்திருப்பாள். சாமி கும்பிட்டுத் திரும்பியதும் அரக்குப் பட்டு, மல்லிகைப் பூ, கையில் காபித் தட்டு, தற்செயலாக. கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் தலை சுற்றும் என்று தாங்கள் சேலத்திலேயே இருந்து, வெந்நீரை மட்டும் தங்கள் கையால் வழங்குவதாகச் சொன்னீர்கள். "என்ற சம்பந்திக்கு நானே சுவிட்ச் போடோணும் மாப்ள."

மாப்பிள்ளைப் பையன் பொன்னுவேல், லாரி ஆபீஸ் பார்க்கிறவர், அதிகம் பேசாதவர். இதுவரை வந்த போட்டோக்களையெல்லாம் லட்சுமி உடனே திருப்பிக் கொடுத்திருக்கிறாள். இவருடையதைக் கொடுக்கவில்லை. சரஸ்வதி கேட்டதற்கு, எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை என்றாளாம். தொலைக்கிற பெண்ணில்லை அவள். இதை நான் ஏன் எழுதுகிறேன் என்றால், தாங்கள் எரித்தது டப்பாவை மட்டுமில்லை என்று தெரியட்டும் என்பதற்காக.

நேற்றுக் காலையில், முதல் பூசைக்குப் போக வேண்டும் என்று, மூன்று அறைக்காரர்களும் ஒரே நேரத்தில் குளித்தார்கள். மாமா, கோயிலுக்குப் போகிற குடும்பம் அது. முறை வைத்துக் குளித்தால் கடைசி ஆள் குளித்துவரும்போது சாமிக்கு நடை சாத்தியிருக்கும். பெண்கள் தலைக்கு ஊற்றினார்கள். வாளி வாளியாக. நம் சனம் கோயிலுக்குக் கிளம்பும் விதத்தைத் தாங்கள் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறீர்கள். ஒயர் முறுக்கும்போது மட்டும் ஞாபகம் வரவில்லை.

முதலில் வெனிலா வாசம் வந்தது. பிறகு வேறு வாசம்.

தங்களோடு நான் பேசியதை அப்படியே எழுதுகிறேன். தாங்கள் பிற்பாடு வேறு விதமாகச் சொல்லக்கூடும்.

"மாமா, டப்பால பொகை வருதுங்க. ஆஃப் பண்ணுங்க."

"பண்ணிட்டனுங்க மாப்ள."

"ஆகலீங்க."

"ஆஃப்னு காட்டுதே?"

"எங்க காட்டுதுங்க?"

"போன்லதானுங்க."

"இங்க பொகை காட்டுதுங்க மாமா!"

"பனியா இருக்கும், நல்லாப் பாருங்க. ஏற்காடுதானுங்களே."

ஊட்டுக்குள்ள, அலமாரிக்கு மேல, கருப்புப் பனி. நான் நாலு வருசமா இங்கதான் இருக்கறேன், இந்த நெறத்துல ஒண்ணு எறங்கிப் பாத்ததில்லீங்க. தாங்கள் மறுபடி ஆன் பண்ணி மறுபடி ஆஃப் பண்ணினீர்கள், ரெண்டு தடவையும் போன் தங்களுக்கு விசுவாசமா இருந்துச்சு, பலகைல இருந்த சின்ன சிவப்பு லைட்டும் கூடச் சேந்து எரிஞ்சு அணைஞ்சுது, ஆனா அந்த ரெண்டு முனையும் மூணு கெய்சர் சூட்டுல உருகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போயிருந்துச்சு, காந்தம் விட்டாலும் தகடு விடல, நாற்பது ஆம்பியர் கல்மனசுக்காரரோ இருபத்தேழையெல்லாம் ஒரு பொருட்டா மதிக்காம நிமிந்து நின்னார், டப்பா மூடி உருகித் துண்டு மேல சொட்ட ஆரம்பிச்சுது, நான் போனைக் காதுல வெச்சுக்கிட்டு உங்களுக்குப் பதில் சொல்லிக்கிட்டு நின்னேன். மாப்பிள்ளையோட கடமை.

இந்த நேரத்தில் பொன்னுவேல் முதலாம் அறையிலிருந்து ஈர வேட்டியோடு ஓடிவந்தார். கையில் நிறை வாளி. நல்ல எண்ணம்தான். டப்பாவைப் பார்த்து வாளியை ஓங்கினார்.

லட்சுமி சமையல்கட்டிலிருந்து வந்தாள். பட்டு இல்லை, பூ இல்லை. நைட்டி, தலையில் ஈரத்துண்டு, காலில் ரப்பர் செருப்பு. வாளி பிடித்த கையைத் தட்டிவிட்டாள். வாளி உருண்டு தண்ணீர் முழுதும் சம்பந்தியம்மா காலடியில் போய் நின்றது.

"அறிவிருக்குதா உங்களுக்கு? கரண்டுல தண்ணி ஊத்தறீங்க!"

இதுதான், மாமா, அவர்கள் இருவருக்கும் இடையில் நடந்த முதல் பேச்சு.

பிறகு அவள் இரண்டாம் அறைக்குள் நேராகப் போனாள். மெயின் சுவிட்ச் அங்கேதான் இருக்கிறது. பொன்னுவேலின் அப்பா இடுப்பில் துண்டோடு திருநீறு பூசிக்கொண்டிருந்தார். "தள்ளுங்க" என்றாள். 'மாமா' என்றுகூடச் சொல்லவில்லை. தள்ளினார். மெயினை இறக்கினாள். வெளியே வந்து, செடித்தொட்டியிலிருந்து மண் அள்ளி எரிகிற துண்டின் மேல் போட்டாள். எல்லாம் முடிந்தது. தாங்கள் இன்னும் என் காதில் இருந்தீர்கள். "பாத்தீங்களா மாப்ள, ஆஃப் ஆயிருச்சுங்களா?" என்றீர்கள்.

மீதித் தலைகளைப் பச்சைத் தண்ணீரில் அலசிக்கொண்டு அவர்கள் கோயிலுக்குப் போனார்கள். மலை உச்சிக் காற்றில் ஈரத்தலை. திரும்பி வந்ததும் சாப்பிடவில்லை. பொன்னுவேலின் அம்மா பாப்பாத்தியம்மா ஜீப்பில் ஏறும்போது தும்மலுக்கு நடுவே சரஸ்வதியிடம் சொன்னது: "சொல்லி அனுப்பறமுங்க." அந்த வாக்கியத்துக்கு நம் பக்கம் 'வேண்டாம்' என்றுதான் அர்த்தம்; அதை இலக்கியம் படித்தவன் விளக்க வேண்டியதில்லை. பொன்னுவேல் அடி வாங்கிய கையைப் பார்த்தபடி ஜீப்பில் உட்கார்ந்திருந்தார்.

லட்சுமி அழவில்லை. கருகிய பலகையைக் கழற்றினாள். ஸ்டோரிலிருந்து பழைய எம்சிபிகளைத் தேடியெடுத்து, கருகாத இடத்திலிருந்து புது ஒயர் இழுத்து, ஒவ்வொரு கெய்சருக்கும் ஒன்றாக மாட்டினாள். வெந்நீர் வந்தது. குளிக்கத்தான் ஆள் இல்லை. அதன்பிறகு படியில் உட்கார்ந்து ஸ்குரூ டிரைவரைத் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றுமில்லை. துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஆகவே என் முடிவு. பலகையை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ஒட்டிய முனைகள் ஒட்டியபடியே இருக்கின்றன. லட்சுமி நெம்பிப் பார்த்தாள், வரவில்லை. இந்த ஒரு பொருளையாவது தாங்கள் சேலத்திலிருந்து பிரிக்க முடியாது. பார்த்துக்கொள்ளச் சொல்லித் தாங்கள் தந்த காட்டேஜ் சாவியையும் இணைத்திருக்கிறேன். போனிலேயே எல்லாம் ஆகும்போது இங்கே ஒரு மாப்பிள்ளை எதற்கு. லட்சுமிக்கு இனி வரன் பார்ப்பதென்றால் தயவுசெய்து வெந்நீர் இல்லாத இடத்தில் பாருங்கள்.

அத்தைக்கு என் நமஸ்காரம். மூட்டுவலிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறாள் சரஸ்வதி. சேர்வராயன் தங்களுக்கு நீண்ட ஆயுளும், தங்கள் கைக்கு எட்டாத தூரத்தில் எல்லாச் சுவிட்சுகளும் அருளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மருமகன்,
மாதேஸ்வரன்.

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் பாப்பாத்தியம்மா போன் செய்தார்கள். அப்படியே எழுதுகிறேன். "எங்களுக்குச் சம்மதமுங்க. சளி புடிச்சுத் தொண்டை கட்டிக்கிச்சு, அதனாலதான் நேத்தே பேச முடியல. எம்பையன் அந்தத் தண்ணிய ஊத்தியிருந்தா இந்நேரம் ஊட்டு முன்னால வேற பந்தலுங்க போட்டிருப்போம். தட்டிவிட்டுச்சு பாருங்க, அந்தக் கைதான் எங்க ஊட்டுக்கு வேணும். பட்டுக் கட்டிட்டு காப்பி கொண்டாந்திருந்தா எனக்கு என்னங்க தெரிஞ்சிருக்கும்?"

ஆகையால் மேலே உள்ள எதையும் தாங்கள் படிக்கவில்லை. சாவியை உறையிலிருந்து எடுத்துவிட்டேன். பலகையையும் அனுப்பவில்லை; லட்சுமி தரமாட்டேன் என்கிறாள். போட்டோ இருக்கும் இடத்திலேயே அதையும் வைத்திருக்கிறாள் போலிருக்கிறது. இப்போது காபிச் செடிகளுக்கு நடுவே நின்று, காண்டாக்டர் என்றால் என்ன என்று பொன்னுவேலுக்குப் போனில் விளக்கிக்கொண்டிருக்கிறாள். இவ்வளவு நேரம் விளக்க அதில் ஒன்றுமே இல்லை.

இதுவும் தங்கள் திட்டம்தான் என்று சேலம் முழுக்கச் சொல்வீர்கள். சொல்லுங்கள். ஆனால் மண்டபத்துச் சீரியல் செட்டு, சமையல் கிரைண்டர், பாத்ரூம் கெய்சர் எல்லாவற்றையும் போனிலேயே நடத்த எட்டு ரிலே வைத்த பலகை ஒன்றை நேற்றே, பதில் வருமுன்பே, வாங்கிவிட்டீர்கள் என்று அத்தை சொன்னார்கள். எட்டும் ஒரே நேரத்திலா ஓடப்போகிறது என்று தாங்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். அது கல்யாணம், மாமா. எல்லாம் ஒரே நேரத்தில்தான் ஓடும்.