உலகம் அழியாத மாதம்

“புயல் இருக்கு, போர் இருக்கு, ஏவுகணை இருக்கு. வாழ்த்து எங்கய்யா இருக்கு?”

பில் கிளார்க் அந்தக் கண்ணாடிச் சட்டத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், நிமிர்த்திப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் புயல் புயலாகவே இருந்தது.

பிரேம் கடைக்காரர் துணியால் மேஜையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “வாழ்த்து மேல இருக்கே சார். ‘நீங்கள் பிறந்த மாதம், உங்களால் பெருமை பெற்ற மாதம்’னு பூ போட்டு எழுதியிருக்கேன். கீழ இருக்கறது உலக நடப்பு. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? உங்க மேனேஜர் வேற மாசமா பார்த்துப் பொறந்திருக்கலாம்.”

மாதத்தையும் வருடத்தையும் சொன்னால் போதும். அந்த மாதத்தில் உலகத்தில் நடந்ததையெல்லாம், பிறந்த பெரிய மனிதர்களையெல்லாம் தேடி எடுத்து, அச்சடித்து, சட்டம் போட்டுக் கொடுப்பார் கடைக்காரர். பிறந்தநாள் பரிசுக்கு ஊரே அவர் கடையில்தான் நின்றது. பில் கிளார்க்கும் ஆசை ஆசையாக மேனேஜர் பிறந்த மாதத்தைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். 1962, அக்டோபர்.

வந்திருந்தது இதுதான். அமெரிக்காவின் மேற்குக் கரையில் வரலாறு காணாத புயல். இமயமலையில் போர். இரண்டு வல்லரசுகள் ஏவுகணையைக் குறிபார்த்து நிற்க, உலகமே இன்றோ நாளையோ அழியப்போகிறது என்று மக்கள் நடுங்கிய நாட்கள். நிலாவை நோக்கிக் கிளம்பிய ஒரு விண்கலம், நிலாவைத் தவறவிட்டுப் போன திசை தெரியாமல் போனது. செவ்வாய்க்குக் கிளம்பிய இன்னொன்று பூமியைச் சுற்றும்போதே சிதறியது. பிறந்த பிரபலம்: ஒரு குத்துச்சண்டை வீரர்.

“நல்லதும் இருக்கு சார். பாருங்க, உகாண்டாவுக்குச் சுதந்திரம். மரபணு எப்படி இருக்கும்னு கண்டுபிடிச்சவங்களுக்கு நோபல் பரிசு.”

“எங்க மேனேஜருக்கும் உகாண்டாவுக்கும் என்னய்யா சம்பந்தம்?”

கூட வந்திருந்த ஸ்டோர் கீப்பர் சட்டத்தை வாங்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நிதானமாகப் படித்தார். அவர் எதையும் நிதானமாகத்தான் செய்வார். மோட்டார் உதிரி கேட்டு வந்தவனுக்குத் தாடி வளர்ந்த பிறகுதான் உதிரி வரும் என்று ஆபீஸில் பேச்சு.

“தம்பி, இதைக் கொடுத்தீங்கன்னா அவரு கொதிச்சிடுவாரு. வேணாம். மாத்துங்க.”

பில் கிளார்க்குக்கும் அதுதான் பயம். பம்ப்செட் கம்பெனியின் அந்தக் கிளையில் மேனேஜருக்கு ‘ஹை வோல்டேஜ்’ என்று பெயர். தொட்டால் தூக்கி அடிக்கும். அவருடைய மேஜையில், பித்தளை பம்ப் வடிவப் பேப்பர் வெயிட்டுக்கு அடியில், பில் கிளார்க்கின் மாற்றல் விண்ணப்பம் மூச்சுத் திணறிக்கொண்டு கிடந்தது.

பில் கிளார்க்கின் மனைவி மலையடிவார ஊரில் ஆசிரியை. நாலு வருடமாக அவர் சனிக்கிழமை பஸ் ஏறிப் போய், ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் திரும்பும் வாடகைப் புருஷனாக இருந்தார். அந்த ஊரிலும் கம்பெனிக்கு ஒரு குட்டிக் கிளை உண்டு. பில்லும் போட்டு ஸ்டோரும் பார்க்க ஒரே ஆள். அந்த ஆள் வேலையை விட்டுப் போய்விட்டான். இடம் காலி. மேனேஜர் ஒரு கையெழுத்துப் போட்டால், பில் கிளார்க் குடும்பஸ்தர் ஆகிவிடுவார்.

போன வருடம் ஒரு மெக்கானிக், மேனேஜரின் காரைப் பின்னால் எடுக்கிறேன் என்று சுவரில் சாத்திவிட்டு, அடுத்த வாரமே அந்த ஊருக்கு மாற்றலாகிப் போனான். கொடுத்து வைத்தவன் என்று பில் கிளார்க் பெருமூச்சு விட்டார்.

“பொறந்தநாள் வருது தம்பி. மனசைத் தொடுற மாதிரி ஏதாவது கொடுத்துப் பாருங்களேன்” என்று யோசனை சொன்னதே ஸ்டோர் கீப்பர்தான். ஆபீஸில் பில் கிளார்க்குக்கு இருந்த ஒரே தோழர். தினமும் மத்தியானம் எதிர் ஹோட்டலில் இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பில் கிளார்க் தன் குடும்பக் கதையைச் சொல்வார். ஸ்டோர் கீப்பர் தலையாட்டுவார். அவருக்கு ஒரு கதை இருக்குமா என்று பில் கிளார்க் கேட்டதில்லை. தினமும் ஹோட்டலில் சாப்பிடுகிறவர், தனிக்கட்டையாகத்தான் இருப்பார்.

“சரி, கெட்டதையெல்லாம் எடுத்துடுங்க” என்றார் பில் கிளார்க்.

மறுநாள் சாயங்காலம் போனபோது கெட்டதெல்லாம் போயிருந்தது. கூடவே எல்லாமே போயிருந்தது. மேலே உகாண்டா, கீழே குத்துச்சண்டை, நடுவில் பெரிய வெள்ளை மைதானம்.

ஸ்டோர் கீப்பர் அந்த வெள்ளையை விரலால் சுற்றிக் காட்டினார். “தம்பி, அவரு தலையும் இப்படித்தான இருக்கு? நடுவுல ஒண்ணுமில்லாம, ஓரத்துல ரெண்டு. கிண்டல் பண்றீங்கன்னு நெனச்சுக்குவாரே.”

பில் கிளார்க் கடைக்காரர் பக்கம் திரும்பினார். “யோவ், நடுவுல எதையாவது போடுய்யா!”

“குத்துச்சண்டைக்காரரைப் பெருசாப் போடவா?”

“வேணாம் வேணாம்” என்று குறுக்கிட்டார் ஸ்டோர் கீப்பர். “ஆபீஸ்ல கை நீட்டுறாருன்னு ஏற்கெனவே ஒரு புகார் போயிருக்கு.”

“அப்ப மேனேஜர் போட்டோவையே போட்டுடலாம் சார்.”

இது நல்ல யோசனையாகப் பட்டது. மேனேஜரின் போட்டோ கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. கம்பெனி அடையாள அட்டையிலிருந்து ஒன்றைப் பிரதி எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். கடைக்காரர் அதைப் பெரிதாக்கினார். கறுப்புச் சட்டம் போட்டார். போட்டோவுக்குக் கீழே கொட்டை எழுத்தில் ‘அக்டோபர் 1962’ என்று அடித்தார். இரண்டு மூலையிலும் பூ வரைந்தார்.

மூன்று பேரும் எட்ட நின்று பார்த்தார்கள். ஒரு ஊதுபத்தி மட்டும்தான் குறை.

“எப்ப தவறிட்டாரு?” என்று கேட்டாள், தன் படத்தை வாங்க வந்திருந்த ஒரு அம்மா.

பில் கிளார்க் சட்டத்தைத் திருப்பிச் சுவர்ப்பக்கம் வைத்தார்.

கடைக்காரருக்கும் ரோஷம் வந்துவிட்டது. உள்ளே போய்த் தூசு தட்டி ஒரு சட்டத்தை எடுத்து வந்தார். “இந்தாங்க சார். ஜூலை 1969. மனுஷன் நிலாவுல கால் வச்ச மாசம். எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்கன்னு நெறைய அடிச்சு வச்சிருக்கேன். கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க. ஏழு வயசு கொறஞ்சா எந்த மேனேஜரு கோவிச்சுக்குவாரு?”

பில் கிளார்க்கின் கை நீண்டது. ஸ்டோர் கீப்பர் அந்தக் கையை மெல்லப் பிடித்தார்.

“கம்பெனி ஆரம்பிச்ச வருஷமே சேர்ந்தேன்னு மீட்டிங்குக்கு மீட்டிங் பெருமை அடிப்பாரே தம்பி. இதைக் கொடுத்தா, அரை டிராயர் போட்டுக்கிட்டு பம்ப் வித்தாரான்னு ஹெட் ஆபீஸ்ல சிரிப்பாங்க.”

கடைக்காரர் துணியை மேஜையில் வீசினார். “நாளைக்குப் பொறந்தநாளு. இன்னும் ஒரே ஒரு தடவைதான் அச்சடிப்பேன். என்ன வேணும்னு முடிவு பண்ணிட்டு வாங்க.”

அன்று ராத்திரி வாடகை அறையில் கட்டிலில் உட்கார்ந்து பில் கிளார்க் மனைவிக்குப் போன் போட்டார். நடந்ததையெல்லாம் சொன்னார். மறுமுனையில் மௌனம்.

இந்த நாலு வருடத்தில் அவளுடைய மௌனங்களை அவர் தரம் பிரிக்கப் பழகியிருந்தார். பரீட்சைத் தாள் திருத்தும் மௌனம் ஒன்று. பால் பொங்குவதைப் பார்க்கும் மௌனம் ஒன்று. இது இரண்டுமில்லை.

“என்னங்க” என்றாள் கடைசியில். “வர்ற ஜூன்லயும் மாத்தல் வரலன்னா, பக்கத்து வீட்டுக் குழந்தை உங்களை ‘சனிக்கிழமை மாமா’ன்னு கூப்பிடுறதை என்னால நிறுத்த முடியாது.”

“நான் என்ன பண்ணட்டும்? அவரு பொறந்த மாசம் அப்படி.”

“கெட்டதையும் நல்லதாப் பாக்கணும்ங்க. நாலு வருஷத்துல நாம ஒரு தடவைகூட பெருசா சண்டை போட்டதில்ல, தெரியுமா?”

“ஆமாம்ல!”

“ஒரு வீட்ல இருந்தாத்தான போடுறதுக்கு.”

போனை வைத்த பிறகு அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் ஒன்றுமில்லை, ஒரு ஆணி மட்டும். சட்டென்று எழுந்தார். சட்டையை மாட்டினார். கடை அடைக்குமுன் ஓடினார்.

“ஒண்ணையும் எடுக்க வேணாம்யா. எல்லாத்தையும் போடு. நான் சொல்றபடி போடு!”

காலையில் ஆபீஸ் கூடத்தில் கேக் வெட்டி முடிந்ததும், பில் கிளார்க் சட்டத்தை இரண்டு கையாலும் நீட்டினார். மேனேஜர் காகிதத்தைப் பிரித்தார்.

‘அக்டோபர் 1962. இந்த மாதத்தில் உலகம் அழியவில்லை. அழியும் என்று எல்லோரும் நினைத்தார்கள், ஆயினும் அழியவில்லை. பெரும்புயலிலும் ஏராளமான மரங்கள் விழாமல் நின்றன. இமயமலை இருந்த இடத்திலேயே இருந்தது. நிலாவை நோக்கிப் பாய்ந்த விண்கலத்தால் நிலாவுக்கு ஒரு கீறலும் விழவில்லை. செவ்வாயின் அமைதி கலையவில்லை. உகாண்டா சுதந்திரமாக மூச்சு விட்டது. அப்படிப்பட்ட மாதத்தில் பிறந்தவர் எங்கள் மேனேஜர்.’

மேனேஜர் ஒருமுறை படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். அவர் சத்தம் போடாமல் அவ்வளவு நேரம் நின்றதை அந்த ஆபீஸ் பார்த்ததே இல்லை. பில் கிளார்க் மனதுக்குள் வேறு வேலை தேட ஆரம்பித்தார்.

மேனேஜர் மூக்கை உறிஞ்சினார்.

“என்னைப் பெத்த அம்மாவே, ‘நீ பொறந்த நேரம் ஊரு உலகத்துல ஒண்ணும் உருப்படல’ன்னு சொல்லிச் சொல்லித்தான்யா சோறு போடுவாங்க. அழியலன்னு சொன்ன முதல் ஆள் நீதான்!” என்று பில் கிளார்க்கை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். “என்ன வேணும்? கேளு.”

கேக்கின் கிரீம் கன்னத்தில் ஒட்டியிருக்க, பில் கிளார்க் திக்கித் திணறிச் சொன்னார். “சார், என் மாற்றல்... மலையடிவாரக் கிளைக்கு... உங்க மேஜையில...”

மேனேஜரின் முகம் வாடியது. “அங்கயா? உன்னையா? ஐயோ, அது நான் ஆகாதவனுங்களைத் தூக்கிப் போடுற இடம்யா! ஒரு நல்ல ஹோட்டல் உண்டா அங்க? உன்னை மாதிரித் தங்கத்தை அங்க அனுப்பினா அந்தப் பாவம் என்னை விடுமா?”

“இல்ல சார், என் சம்சாரம்...”

“ஒண்ணும் பேசாத. உன் மனசு எனக்குத் தெரியும். வேற யாரும் அங்க போய்க் கஷ்டப்படக் கூடாதுன்னு நீ போறேங்குற. விட மாட்டேன்!” மேஜைக்குப் போனார். பித்தளை பம்ப்பைத் தூக்கினார். விண்ணப்பத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். “நான் இந்த நாற்காலியில இருக்கற வரைக்கும் நீ என் பக்கத்துலதான். நாளையிலேர்ந்து என் ரூமுக்குள்ளயே மேஜை போட்டுக்க!”

எல்லோரும் கைதட்டினார்கள். பில் கிளார்க்கும் தட்டினார். கைக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அப்போதுதான் ஸ்டோர் கீப்பர் நிதானமாக முன்னால் வந்தார். “சார், நானும் ஒண்ணு கொண்டு வந்திருக்கேன்.”

அது அதே அளவுச் சட்டம். அதே பூ. மேனேஜர் சிரித்த முகத்தோடு பிரித்தார். புயல். போர். ஏவுகணை. நிலாவைத் தவறவிட்ட விண்கலம். கடையில் பில் கிளார்க் தள்ளிவிட்டுப் போன முதல் சட்டம்!

“அண்ணே, அது...” என்று பில் கிளார்க் பதறினார். எங்கோ தப்பு நடந்துவிட்டது; பாவம், மனிதர் மாற்றி எடுத்து வந்துவிட்டார்.

ஹை வோல்டேஜ் கழுத்திலிருந்து மேல்நோக்கிச் சிவந்தது. “நாசம் பண்ண வந்தவன்னு சொல்றியா என்னை? அதுவும் பொறந்தநாள் அன்னைக்கு! யோவ், அந்த மலையடிவாரத்துல காலி இடம் இருக்குல்ல? திங்கக்கிழமை காலையில நீ அங்க இருக்கணும்! இங்க உன் மூஞ்சியையே நான் பார்க்கக் கூடாது!”

அங்கேயே நின்றபடி உத்தரவில் கையெழுத்துப் போட்டார். பேனா முனை தாளைக் கிழித்தது. ஸ்டோர் கீப்பர் தலை குனிந்து அதை வாங்கிக்கொண்டு ஸ்டோருக்குள் போய்விட்டார்.

பில் கிளார்க்குக்குத் தன் துக்கம் மறந்துபோனது. தனக்காகக் கடைக்கு நடையாய் நடந்த மனிதர். ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். மோட்டார்ப் பெட்டிகளுக்கு நடுவில், சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார் ஸ்டோர் கீப்பர். அவருடைய தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

“அண்ணே, அழாதீங்கண்ணே. இப்ப நான் சொன்னா அவரு கேப்பாரு. உள்ள போய்ப் பேசி, இந்த மாத்தலை ரத்து பண்ண வைக்கறேன்.”

ஸ்டோர் கீப்பர் திடுக்கிட்டுத் திரும்பினார். கண்ணில் நீர் வழிந்தது. வாய் காது வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தது.

“உங்க கால்ல வேணா விழறேன், அந்த நல்ல காரியத்தை மட்டும் பண்ணிடாதீங்க தம்பி. என் வீட்டுக்காரிக்குப் போன மாசந்தான் அந்த ஊரு தபால் ஆபீஸுக்கு மாத்தலாச்சு. அது கெடக்கட்டும், திங்கக்கிழமை போறேன், உங்க வீட்டம்மாவுக்கு ஏதாவது குடுத்தனுப்பணுமா?”