மீனுக்குக் கம்பளி போர்த்திய ஹீட்டர்

மீனுக்குக் குளிருமே என்று கம்பளி வாங்கிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் கொடைக்கானலில் எங்கள் எதிர்வீட்டில் குடியிருக்கிறார்.

அவருக்குப் பெயர் ஏதோ உண்டு. ரேஷன் கடையில் மட்டும் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவரே இரண்டாவது முறைதான் திரும்பிப் பார்ப்பார். லாட்ஜ்களில் கீசர் மாட்டுவதும் பழுது பார்ப்பதும் தொழில் என்பதால் ஊருக்கு அவர் ஹீட்டர். நேரில் மட்டும் ஹீட்டர் அண்ணே.

வளர்ப்பது ஆப்பிரிக்க ஏரி மீன்கள். வெதுவெதுப்பான தண்ணீரில்தான் பிழைக்கும் ஜாதி. குழாயைத் திறந்தால் விரல் மரத்துப்போகிற ஊரில் இது என்ன ஆசை என்று எல்லோரையும் போல நானும் ஒருநாள் கேட்டேன்.

"ஏண்ணே, இதையே மதுரையில வளத்தா வெயிலே போதுமே?"

"மதுரையில எவன் வேணும்னாலும் வளப்பான் சார்," என்றார். அதற்கு மேல் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

நான்கு கண்ணாடித் தொட்டிகள். ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஹீட்டர், மூன்று பக்கமும் கம்பளி. நான்காவது பக்கம் மட்டும் திறந்திருக்கும். "அதுங்களும் நாலு மனுசங்களப் பாக்கணும்ல?" அவர் போட்டிருக்கும் ஸ்வெட்டரில் முழங்கை வெளியே தெரியும். கரண்ட் போனால், காலி பிராந்தி பாட்டில்களில் வெந்நீர் ஊற்றி மூடி, தொட்டியில் மிதக்கவிடுவார். இதற்காக லாட்ஜ் லாட்ஜாகக் காலி பாட்டில் பொறுக்கிச் சாக்கில் கட்டித் தூக்கி வருவதைப் பார்த்துவிட்டு, சர்ச் சபையிலிருந்து இரண்டு பெரியவர்கள் குடியின் தீமையை எடுத்துச் சொல்ல வீடு தேடி வந்தார்கள். ஆளுக்கு ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்து, "சூடு ஆறிருச்சு, மாத்தணும், கொஞ்சம் புடிங்கய்யா," என்றார். வந்தவர்கள் வந்த விஷயத்தை மறந்து வெந்நீர் மாற்றிவிட்டுப் போனார்கள்.

இந்த மீன்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தாய் மீன் முட்டையிட்டதும் அத்தனையையும் தன் வாய்க்குள் எடுத்து வைத்துக்கொள்ளும். குஞ்சு பொரிந்து நீந்தப் பழகும்வரை வாய்தான் வீடு. அதுவரை இரை எடுக்காது. வாய் உப்பிக்கொண்டு, உடம்பு மெலிந்துகொண்டு, ஒரு மூலையில் நிற்கும்.

மீன் பட்டினி கிடந்தால் ஹீட்டருக்கும் சோறு இறங்காது. டீக்கடையில் உட்கார்ந்து, "அவ ரெண்டு வாரமா ஒரு வாய் சாப்பிடலக்கா, எலும்பா கெடக்கா," என்று கண் கலங்குவார். புதிதாக வந்த டீக்கடை அக்கா பதறிப்போய்த் தூக்குவாளியில் இட்லி கட்டிக்கொண்டு ஓடினார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"கலியாணமே ஆகாதவருன்னு யாராச்சும் சொல்லக் கூடாதா? இத்தன இட்லிய அந்த மீனா திங்கும்?"

"மீனு திங்காதுக்கா. அதான் அவருக்கே வருத்தம்," என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர்.

நம் ஊர் ஜிலேபி மீனும் இதே வகையறாதான், அதுவும் வாயில்தான் பிள்ளை வளர்க்கும் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். அன்றோடு ஜிலேபி மீனை விட்டார். ஒரு கல்யாண வீட்டில் இலையில் மீன் குழம்பை ஊற்ற வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம்ப்பா, இது சித்தப்பா வீட்டு ஆளுங்க," என்றார். பக்கத்து இலையில் இருந்த எனக்கும் அன்று மீன் இறங்கவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை அவருடைய அமைதிச் சட்டம்தான். தாய் மீன் மிரண்டால் முட்டையை விழுங்கிவிடுமாம். அதனால் தெருவில் யாரும் சத்தம் போடக் கூடாது. ஹாரன் அடிக்கிற டூரிஸ்ட் கார்களை மறித்து, உதட்டில் விரல் வைப்பார். உள்ளே யாரோ சீரியஸாக இருக்கிறார்கள் என்று நினைத்து அவர்களும் மன்னிப்புக் கேட்டுப் போவார்கள். ஒரு கிறிஸ்துமஸுக்குக் கிட்டாரும் டிரம்முமாகப் பாட்டுக் கோஷ்டி வந்தது. ஹீட்டர் கதவை ஒருக்களித்துத் திறந்து, "வாயில பிள்ளைங்க இருக்கு. பாடாமப் போக வேணாம், வாய மட்டும் அசைச்சுட்டுப் போங்க," என்றார். மொத்தக் கோஷ்டியும் பாட்டு முழுவதையும் சத்தமே இல்லாமல் பாடி முடித்தது. ஹீட்டர் மிட்டாய் கொடுத்தார்.

இப்படிச் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். இனி எழுதப்போவதை அப்படி எழுத முடியாது.

சென்ற மழைக்காலத்தில் ஒரு புயல் மலையைப் பிடித்து உலுக்கியது. தெருவின் இரண்டு முனையிலும் மரங்கள் சாய்ந்து கிடந்தன. வண்டி போக வழியில்லை, போனில் சிக்னல் இல்லை. கரண்ட் போய் இரண்டாம் நாள். என் மகள் ஷைனிக்கு வீசிங் உண்டு. எங்களுக்குக் காலம் கடந்து பிறந்த ஒரே பிள்ளை. அன்று காலை அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. கையில் வைத்து உறிஞ்சும் மருந்து கேட்கவில்லை. மருந்தைப் புகையாக்கித் தரும் நெபுலைசர் மெஷின் மேஜைமேல் இருந்தது. கரண்ட் இல்லாமல் அது வெறும் டப்பா.

பிள்ளை எவ்வளவு மோசம் என்பதை அவள் பேச்சை வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். காலையில் நான்கு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினாள். பிறகு இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை. பிறகு "அப்பா" என்பதையே இரண்டாக உடைத்துச் சொன்னாள்.

என் மனைவி ஜெசிந்தா கதவைத் திறந்து தெருவைப் பார்த்துக் கத்தினாள். "யாராச்சும் இருக்கீங்களா? பிள்ளைக்கு மூச்சு வரலங்க!"

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஹீட்டர் உதட்டில் விரலோடு, கோபமாக வெளியே வந்தார். "யாரு இப்படி..." என்றவர் என் தோளில் கிடந்த ஷைனியைப் பார்த்தார். விரல் கீழே இறங்கியது.

"மெஷின எடுத்துக்கிட்டு வெரசா உள்ள வாங்க."

அவர் வீட்டில் ஒரு இன்வெர்ட்டர் இருந்தது. ஹீட்டர்களை முன்னமே நிறுத்திவிட்டு, தொட்டிகளுக்குக் காற்று அனுப்பும் மோட்டார்களை மட்டும் அதில் ஓட்டிக்கொண்டிருந்தார். பேட்டரியின் சிவப்பு விளக்கு எரிந்தது. மிச்சம் கொஞ்சம்தான். அவர் நான்கு பிளக்குகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். நான்கு தொட்டியிலும் காற்றுக் குமிழி நின்றது.

"அண்ணே, மீனு..." என்றேன்.

"மீனுக்கு நான் கையால காத்து குடுத்துக்கிடுவேன். பாப்பாவுக்குக் கையால குடுக்க முடியுமா? சொருகுங்க சார்."

மெஷின் உறுமியது. ஜெசிந்தா முகமூடியை ஷைனியின் முகத்தில் பிடித்துக்கொண்டு முணுமுணுத்து ஜெபித்தாள். ஹீட்டர் ஒரு மக்கை எடுத்து, தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு, உயரத்திலிருந்து அதே தொட்டியில் ஊற்றினார். அப்படி விழும்போது காற்று கலக்குமாம். முதல் தொட்டி, இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, மறுபடி முதல் தொட்டி. நான் சுவரோரம் நின்று நடுங்கிக்கொண்டிருந்தேன். என் கையிலும் ஒரு மக்கைத் திணித்தார்.

"சும்மா நின்னா நடுக்கந்தான் வரும். ஊத்துங்க."

ஊற்றினேன்.

"சார், மெதுவா. குளிப்பாட்டாதீங்க."

டாக்டர் சொல்லிவைத்த இடைவெளியில் மறுபடி மருந்து போட்டோம். மதியம் தாண்டியும் இரண்டு பேரும் ஊற்றிக்கொண்டே இருந்தோம். எனக்குத் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. அவருக்குப் பாட்டில்களுக்காக அடுப்பில் வெந்நீர் பார்க்கும் சோலியும் சேர்ந்திருந்தது.

ஷைனி உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் எதிரே ஒரு தொட்டி. வாய் உப்பிய தாய் மீன் ஒன்று மூலையில் நின்றது. என்ன நினைத்ததோ, திடீரென்று வாயைத் திறந்தது. கடுகு சிதறுவது போலக் குஞ்சுகள் வெளியே வந்தன. ஷைனி முன்னால் குனிந்தாள். அந்த நேரம் பார்த்து அவளுக்கு இருமல் வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வீடே அதிரும்படி இருமினாள். தாய் வாயைத் திறந்து காட்ட, அத்தனை குஞ்சும் பாய்ந்து வாய்க்குள் புகுந்துகொண்டன.

ஷைனி முகமூடியை இழுத்துவிட்டு, "அப்பா, நான் இருமுனதுல எல்லாம் பயந்துபோயி அம்மா வாய்க்குள்ள ஓடி ஒளிஞ்சிருச்சுப்பா!" என்றாள்.

நடுவில் எங்குமே மூச்சு வாங்கவில்லை. ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். நான் கையில் மக்கோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"சார், மூணாவது தொட்டி," என்றார் ஹீட்டர்.

மாலையில் மரத்தை அறுத்து வழி விட்டார்கள். தாண்டிக்குடிப் பக்கமிருந்து வந்த ஜீப் ஒன்றில் ஷைனியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். திரும்பி வந்து பார்த்தபோது எதிர்வீட்டில் இரண்டு தொட்டி காலியாக இருந்தது. கம்பளியை மடித்து மேலே வைத்திருந்தார். நான் வாய் திறப்பதற்குள், "குளிரு சார். நீங்க நல்லாத்தான் ஊத்துனீங்க," என்றார். மக்கைப் பிடித்துப் பிடித்து அவர் விரல்கள் மடங்கியபடியே இருந்தன, நீட்ட வரவில்லை. ஜெசிந்தா டீ டம்ளரை அவர் வாயருகே பிடித்துக்கொண்டாள்.

ஷைனி இப்போது நன்றாக இருக்கிறாள். நான்தான் இன்னும் சரியாகவில்லை. காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலும் எதிர்வீட்டில் ஆள் இருக்கிறாரா என்று எட்டிப் பார்க்கிறேன். அவர் மீன் தீனி வாங்க மதுரைக்குப் போகிற நாளில் ஆபீசுக்கு லீவு போட்டுவிடுகிறேன். காரணம் கேட்டால், வீட்டுப் பெரியவர் ஊரில் இல்லை என்று சொல்கிறேன். ஹீட்டர் என்னைவிட நான்கு வயது சின்னவர். ஆனாலும் பொய் சொல்கிறோம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.